நிறுவனத்தின் சர்வர் படுத்தாலும் வீட்டு ஃபைல்களை எடுக்கலாம்

2023 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் வீட்டு நெட்வொர்க் டிஸ்க்குகளுக்கான ‘மை கிளவுட்’ சேவை பல நாள்கள் முடங்கியது. வீட்டிலிருந்த டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. லாகின்தான் நிறுவனத்தின் சர்வரை நம்பி இருந்தது.

எனவே, சேவை ஓடும்போதே டிஸ்க்கின் செட்டிங்ஸில் ‘லோக்கல் அக்சஸ்’ வசதி இருந்தால் இயக்கி, தனிப் பயனர்பெயரும் பாஸ்வேர்டும் வைத்துவிடுங்கள். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் டிஸ்க்கின் ஐபி எண்ணைக் கண்டுபிடித்து, மாறாதபடி ரிசர்வ் செய்யுங்கள். அதே வைஃபையில் உள்ள விண்டோஸ் கணினியில் விண்டோஸ் பட்டனோடு ‘ஆர்’ அழுத்தி, \\192.168.1.20 என்பதுபோல உங்கள் எண்ணை டைப் செய்தால் ஃபோல்டர்கள் திறக்கும். இதற்கு இன்டர்நெட்டே வேண்டாம்.

வெளியூரிலிருந்து எடுக்க, ரவுட்டரில் வயர்கார்டு போன்ற விபிஎன் அமைப்பதே பாதுகாப்பு. அவசரத்தில் ஃபைல் பகிர்வுக்கான 445 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள். 2017இல் வான்னாக்ரை ரான்சம்வேர் அந்த வழியாகத்தான் உலகெங்கும் பரவியது.