சக்கிலிருந்து இறக்கும் முன்பே மரை முடியட்டும்

ஈஎன்8 எஃகுத் தண்டில் எம்20, பிட்ச் 2.5 மரை; ஃபனுக் கன்ட்ரோல் உள்ள சிஎன்சி லேத். இதை வைத்தே பார்ப்போம்.

முதலில் வெளி விட்டத்தை 19.8 மிமீக்குக் கடையுங்கள். 20 என்று அப்படியே விட்டால் மரையின் உச்சி கேஜில் பிடிக்கும். மரை முடியும் இடத்தில், 27 மிமீயிலிருந்து 33 மிமீ வரை, 16.4 மிமீ விட்டத்துக்குக் குரூவ் போடுங்கள். டூல் வெளியேற இடம் வேண்டும். தண்டின் நுனியில் சாம்பர் கட்டாயம்.

60 டிகிரி இன்செர்ட்டின் முனை, ஜாப்பின் மைய உயரத்தில் சரியாக நிற்க வேண்டும். வேகத்துக்கு ஜி97 எஸ்1200 போதும். ஜி96 இங்கே ஆகாது. மரை வெட்டும்போது சுற்று மாறவே கூடாது. 1200 சுற்றில் டூல் விநாடிக்கு 50 மிமீ ஓடும். அந்த வேகத்தைப் பிடிக்க அதற்கு ஓட்டம் தேவை என்பதால் ஜாப் முகத்துக்கு 7.5 மிமீ முன்னால், எக்ஸ்24-இல் நிறுத்தித் தொடங்குங்கள்.

பிறகு இந்த இரண்டு வரிகள்:

ஜி76 பி010060 கியூ100 ஆர்0.05
ஜி76 எக்ஸ்16.93 இசட்-30.0 பி1534 கியூ400 எஃப்2.5

பி1534 என்பது மரையின் ஆழம், மைக்ரானில். கியூ400 முதல் பாஸின் ஆழம். அடுத்தடுத்த பாஸ்களைக் கன்ட்ரோலே குறைத்துக்கொண்டு போகும்: இரண்டாவது பாஸ் ஏறத்தாழ 0.17 மிமீதான் கூடுதலாக இறங்கும். முதல் வரியில் உள்ள 60, டூலை ஒரு பக்கச் சரிவு வழியாக இறக்குகிறது. அதனால் சுருள் ஒரு பக்கம் மட்டும் வரும், முனையும் தாங்கும்.

நேராக முழு ஆழத்துக்குப் போகாதீர்கள். எக்ஸ் வேர் ஆஃப்செட்டில் 2.8 மிமீ கூட்டி ஒருமுறை ஓட்டினால், ஜாப்பில் மெல்லிய கீறல் மட்டும் விழும். ஸ்கேலை வைத்துப் பாருங்கள்: 10 பிட்ச் 25 மிமீ வர வேண்டும். வந்தால் ஆஃப்செட்டைப் பழையபடி வைத்து, கூலன்டைத் தாராளமாகத் திறந்து வெட்டுங்கள். பாஸ்களுக்கு நடுவே ஸ்பின்டில் ஓவர்ரைடைத் தொடாதீர்கள். தொட்டால் மரை விலகிப்போகும்.

சுழற்சி நின்றதும் சுருளைக் கொக்கியால் எடுத்து, பர்ரைத் துடைத்து, கோ ரிங் கேஜைக் கையால் ஏற்றுங்கள். ஏறவில்லையா? எக்ஸ் வேரில் 0.05 குறைத்து அதே புரோகிராமை ஓட்டுங்கள். 6ஜி பொருத்தத்தில் பிட்ச் விட்டத்துக்கு மொத்தச் சலுகையே 0.17 மிமீதான், ஆகவே 0.05-க்கு மேல் ஒரே தடவையில் குறைக்க வேண்டாம். இசட் ஆஃப்செட்டை மாற்றவே மாற்றாதீர்கள். நோ-கோ கேஜ் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறினால் அந்த ஜாப் கழிவு.

கோ கேஜ் கடைசிவரை சீராக ஏறும்வரை சக்கைத் தளர்த்தாதீர்கள். ஒருமுறை கழற்றிவிட்டால், அதே மரைப் பள்ளத்தில் டூலை மறுபடி கொண்டு நிறுத்துவது பெரும்பாடு.