ஒரு வடிவம், பல ஒலி

நுழையும்முன்

ஆங்கிலச் சொல்லைத் தவறாக ஒலித்துவிடுவோமோ என்னும் அச்சத்தால் வகுப்பறையில் வாய்திறக்கத் தயங்குவோர் பலர். ஒரே வரிவடிவம் பல ஒலிகளைப் பெறுவதற்குரிய காரணங்களை அறிந்தால் அவ்வச்சம் அகலும்.

இடம் காட்டும் ஒலி

புதுச்சேரி நகரின் கடற்கரையில் அமைந்த மீனவர் ஊர் வைத்திக்குப்பம். மாசிமகத் தீர்த்தவாரியால் பெயர்பெற்றது. இவ்வூர்ப்பெயரில் தகரம், ககரம், பகரம் ஆகிய மூன்று வல்லினங்களும் இரட்டித்து நிற்பதால் வன்மையாகவே ஒலிக்கின்றன. புதுச்சேரி என்னும் பெயரிலோ, 'து' உயிரொலிகளுக்கு இடையே நிற்பதால் மென்மையடைகிறது. பக்கம், பங்கு, பகல் ஆகிய சொற்களிலும் ககரம் மூவகையாக ஒலிக்கிறது. தமிழில் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் முடிவு செய்வது எழுத்து நிற்கும் இடமே. ஆதலால், முன்பு அறியாத தமிழ்ச்சொல்லையும் தயக்கமின்றிப் படிக்க முடிகிறது.

பொருள் காட்டும் ஒலி

ஆங்கிலத்தின் இயல்பு வேறு. 'படி' என்னும் பொருளுடைய ஆங்கில வினை நிகழ்காலத்தில் 'ரீட்' எனவும் இறந்தகாலத்தில் 'ரெட்' எனவும் ஒலிக்கும், எழுத்துகள் மாறுவதில்லை. எல், இ, ஏ, டி என்னும் நான்கெழுத்துகள் வழிநடத்துதலைக் குறித்தால் 'லீட்'. ஈயத்தைக் குறித்தால் 'லெட்'. இங்கே பொருளை உணர்ந்த பின்னரே ஒலிக்க இயலும். கால அட்டவணையைக் குறிக்கும் சொல்லைப் பிரித்தானியர் 'ஷெட்யூல்' என்பர். அமெரிக்கர் 'ஸ்கெஜூல்' என்பர். இது நாட்டு வழக்கின் வேறுபாடு, இரண்டும் சரியே.

இந்நிலைக்கு வரலாறும் ஒரு காரணம். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவினார். அச்சு பரவப்பரவ, சொற்களின் எழுத்துமுறை மெல்ல நிலைபெற்றது. ஆனால், நெட்டுயிர்களின் ஒலிப்பு அதன்பின்னும் மாறிக்கொண்டே இருந்தது. எழுத்து நின்றது, ஒலி நடந்தது.

ஊர்ப்பெயரின் பயணம்

பிரெஞ்சுக்காரர் 'ஊ' ஒலியை ஓ, யு என்னும் இரண்டு எழுத்துகளால் எழுதுவர். பாகூர், அரியாங்குப்பம் ஆகிய பெயர்களையும் அவ்வாறே எழுதினர். ஆங்கிலத்திலோ அவ்விணை 'ஹவுஸ்', 'சூப்', 'டச்' ஆகிய சொற்களில் மூன்று விதமாக ஒலிக்கும். ஆகவே, பிரெஞ்சு முறையில் எழுதிய பெயரை ஆங்கில முறையில் படிப்பவர் நாவில் ஊர் உருமாறுகிறது. உழவர்கரையைப் பிரெஞ்சுக்காரர் 'ஊல்கரே' என்று ஒலிக்குமாறு எழுதினர். அவ்வடிவத்தில் உழவரும் இல்லை, கரையும் இல்லை. பெயரின் ஒலி சிதையும்போது அதன் பொருளும் மறைகிறது. 2006இல் பாண்டிச்சேரி என்னும் அலுவல்முறைப் பெயர் புதுச்சேரி என மாறியபோது, மக்கள் நாவில் வாழ்ந்த பெயர் ஏட்டிலும் இடம்பெற்றது.

பிறமொழிச் சொல்லை ஒலிக்கையில் பிழை நேர்வது இழுக்கன்று. அம்மொழியின் வழக்கைக் கேட்டறிந்து திருத்திக்கொள்வதே கல்வி. அதேபோல, தம் ஊர்ப்பெயரைப் பிறர் பிழையாக ஒலிக்கும்போது சரியான ஒலியை எடுத்துரைப்பதும் கடமையாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்ப்பெயரில் உள்ள வல்லின எழுத்துகள் எங்கெங்கு வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கின்றன எனக் கண்டறிந்து எழுதுக.
2. பொருளுக்கேற்ப ஒலிப்பு மாறும் ஆங்கிலச் சொற்கள் ஐந்தனைத் திரட்டி வகுப்பில் ஒலித்துக் காட்டுக.