ஈன்ற நாயும் இளங்குட்டிகளும்

அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை முதலிய திருத்தணி வட்டார நெசவூர்களில் நாய் இல்லாத தெரு அரிது. ஈனும் காலம் நெருங்கிய நாய், இருளும் வெதுவெதுப்பும் உள்ள ஒதுக்கிடத்தை நாடும். அது நெசவாளர் வீட்டில் தறிக்குழியாகவும், உழவர் நிலத்தில் வைக்கோற்போரின் அடியாகவும் அமைவதுண்டு. வேலைக்கு இடைஞ்சலென்று குட்டிகளை அகற்ற முற்படுவோரும், ஆசையால் கையிலெடுக்கும் சிறுவரும் அப்போது கடிபடுகின்றனர்.

தாயின் சீற்றம் தீக்குணமன்று. குட்டிகள் கண்ணும் செவியும் மூடியே பிறக்கின்றன. கண் திறக்க 10 முதல் 14 நாட்கள் ஆகும். முதல் இரு வாரங்களில் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ள அவற்றால் இயலாது. தாயைப் பிரிந்து குளிர்ந்த தரையில் கிடந்தால் பால் குடிக்கும் வலிமையும் போய்விடும். ஆதலின் அது காவல் காக்கிறது. மனிதர் தொட்ட குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது பொதுவாக உண்மையன்று. ஆயினும் அச்சுறுத்தப்பட்ட தாய் குட்டிகளைக் கவ்வி இடம் மாற்றும். சில வேளைகளில் அவற்றிற்கு ஊறும் செய்துவிடும்.

எனவே, குட்டியைத் தொடுமுன் தாயின் நம்பிக்கையைப் பெறுதல் வேண்டும். அதற்குரிய முறைகள் வருமாறு:

1. நாள்தோறும் உணவிடும் ஒருவரே அருகில் செல்லட்டும். குரல் கொடுத்துக்கொண்டு, அது காணும்படி மெல்லச் செல்லுதல் நலம். கண்ணை உற்றுப் பார்த்தலும் மேலே குனிதலும் ஆகா.

2. உடல் விறைத்தாலோ உறுமினாலோ மெல்லப் பின்வாங்குக, ஓடற்க. உறுமலுக்காக அடித்தல் கூடாது. அடிபட்ட நாய் உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

3. உணவையும் நீரையும் சற்றுத் தள்ளி வைக்கவும். தாய் தானே எழுந்து சென்ற வேளையில் ஈரச் சாக்கை மாற்றலாம். குட்டியை இரு கைகளாலும் தாங்கித் தரையை ஒட்டியே எடுத்து, விரைவில் திரும்ப வைக்கவும்.

4. தறி ஓட வேண்டுமெனில், அருகிலேயே உலர்ந்த மூலையொன்றை ஆயத்தம் செய்து, பழைய சாக்கின் ஒரு பகுதியை அங்கே இடுக. தாய் பார்த்திருக்க எல்லாக் குட்டிகளையும் மாற்றுக. அது சீறினால் ஓரிரு வாரம் பொறுத்தலே சிறந்தது.

5. மூன்று வாரங்களுக்குப் பின் நாள்தோறும் சிறிது நேரம் குட்டிகளைக் கையாளலாம். எட்டு வாரம் நிறையுமுன் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. பூச்சி மருந்தையும் தடுப்பூசியையும் கால்நடை மருத்துவர் சொற்படி கொடுக்கவும்.

ஆடிக் கிருத்திகையின்போது காவடிக் கூட்டமும் மேளவொலியும் ஊரை நிறைக்கும். மற்ற நாட்களில் சாதுவான தாயும் அன்று அயலாரைக் கண்டு சீறும். அவ்விடத்தை ஒரு பலகையால் மறைத்து, சிறுவரை விலக்கி வைக்கவும்.

கடியோ கீறலோ பட்டால், குட்டியினுடையதாயினும், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுக. மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் தடவற்க. அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்கி, சொல்லிய நாட்களில் தவறாது முடிக்கவும். வெறிநோயின் குறிகள் தோன்றியபின் பிழைத்தல் மிக அரிது.

அங்கத்தினர்கள் இதனைச் சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டி, ஈன்ற நாய் உள்ள தெருவில் உணவிடும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பார்களாக. குழந்தைகளுக்கும் குட்டிகளுக்கும் அது ஒருங்கே காப்பாகும்.