பூசைக்கு ஏற்ற பூ, வாய்க்கு ஏற்றதல்ல



இந்த மாதம் நாம் பார்க்கப் போவது நம் வீட்டு வாசலிலேயே நிற்கும் விஷத்தைப் பற்றி. "என்ன டிரஸர் ஐயா, பூவுல போய் விஷமா?" என்று கேட்பீர்கள். ஆமாம், பூவிலும்தான்.

தோட்டத்து லயங்களில் வாசலுக்கு ஓர் அரளிச் செடி இருக்கும். தோட்டத்தை விட்டு சுங்கை பினாங் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தவர்களும் தொட்டியில் ஒன்று வைத்துக்கொள்கிறார்கள். சாமிக்கு மாலை கட்ட வேண்டுமல்லவா? வைப்பது தப்பில்லை. அது என்ன செடி என்று தெரியாமல் வைப்பதுதான் தப்பு.

அரளி

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் எந்த அரளியானாலும் இலை, பூ, பட்டை, வேர், விதை எல்லாமே விஷம். காய்ந்தாலும் விஷம் போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. இந்த விஷம் நேராக இருதயத்தைத் தாக்கும். முதலில் வாந்தி, வயிற்றுவலி, பேதி வரும். பிறகு தலைசுற்றல் வந்து நாடித்துடிப்பு தாறுமாறாகும். ஆள் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கும்போதே இருதயம் நின்றுவிடக்கூடும்.

கேரளத்தில் 2024 ஏப்ரல் மாதக் கடைசியில் நடந்ததைக் கேளுங்கள். ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் இளம் தாதி வேலைக்காக இங்கிலாந்து புறப்பட்டார். வீட்டில் போனில் பேசிக்கொண்டே பக்கத்துச் செடியின் இலையைக் கிள்ளிக் கடித்திருக்கிறார். போகும் வழியில் வாந்தி. சில நாளில் உயிர் போனது. அரளிதான் காரணம் என்று சந்தேகித்தார்கள். அதே சமயத்தில் பத்தனம்திட்டா மாவட்டத்தில் அரளி இலை தின்று ஒரு பசுவும் கன்றும் செத்ததாகச் செய்தி வந்தது. 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தது. மலபார் தேவஸ்வம் போர்டும் அப்படியே செய்தது. பூசைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. வாய்க்குப் போகும் பொருளோடு சேர்க்காதே என்றுதான் சொன்னார்கள். நம் கோயில்களும் வீடுகளும் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே. பிரசாதத் தட்டில் துளசி, ரோஜா, வெட்சி போதும்.

மாடு, ஆடு வளர்ப்பவர்களுக்கு

"மாடு கசப்பைத் தின்னாது" என்று சொல்வார்கள். பச்சை இலையை அது ஒதுக்குவது உண்மைதான். ஆனால் வெட்டிப் போட்ட கிளை வாடியதும் கசப்பு தெரியாது. புல்லோடு கலந்துவிட்டால் தின்றுவிடும். பத்து இருபது இலை ஒரு பெரிய மாட்டையே சாய்த்துவிடும். ஆகவே அரளியைக் கழித்த கிளையைத் தொழுவத்துப் பக்கமோ, மேய்ச்சல் ஓரத்திலோ போடாதீர்கள். கொளுத்தவும் கூடாது, புகையும் கெடுதல். ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள்.

பல நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் உண்ணிச்செடியை மலாய்க்காரர்கள் பூங்கா தஹி ஆயாம் என்பார்கள். இது ஆடு மாடுகளின் ஈரலைக் கெடுக்கும். தின்ற மாடு இரை எடுக்காது, கண் மஞ்சளாகும், வெயில் பட்ட தோல் வெந்தது போல் உரியும். அந்த மாட்டை உடனே நிழலில் கட்டி, கால்நடை இலாகாவுக்குத் தகவல் கொடுங்கள். அதன் பச்சைக் காயைப் பிள்ளைகளும் வாயில் போடக் கூடாது.

வீட்டில் பூனை வளர்த்தால் ஜாடியில் லில்லிப் பூ வைக்காதீர்கள். இலையைக் கடித்தாலும், மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும் பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும்.

ஊமத்தை

மலாய் மொழியில் கெச்சுபோங். ஆஸ்துமாவுக்கு இதன் இலையைப் புகைப்பது நம்மில் சிலருக்குப் பழைய பழக்கம். விட்டுவிடுங்கள். இந்த விஷம் ஏறினால் வாய் வறளும், கண்மணி விரியும், உடம்பு கொதிக்கும், சிறுநீர் அடைபடும், ஆள் பிதற்றுவார். "பேய் பிடித்திருக்கிறது" என்று பூசாரியிடம் கொண்டு போய் நேரத்தைப் போக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்.

தின்றுவிட்டால் என்ன செய்வது?

1. வாயில் மிச்சமிருப்பதைத் துப்பச் சொல்லி, தண்ணீரால் கொப்பளிக்க வையுங்கள்.

2. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சாணிக் கரைசல் எதுவும் கொடுக்க வேண்டாம். உப்புக் கரைசலே சின்னப் பிள்ளைக்கு எமனாகிவிடும்.

3. எந்தச் செடி, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு கிளையைப் பையில் போட்டுக் கையோடு கொண்டு வாருங்கள். செடி தெரிந்தால் மருத்துவம் சுலபம்.

4. "இப்ப நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். அரளி விஷம் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும். ஆஸ்பத்திரியில் இருதயத் துடிப்பை மெஷின் வைத்துக் கவனிப்பார்கள். விஷத்தை உறிஞ்சும் கரித்தூள் கொடுப்பார்கள்.

5. எருக்கம்பாலோ கள்ளிப்பாலோ கண்ணில் பட்டால் கசக்காமல் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

நமக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. தேசிய நச்சு மையம் 1994 முதல் நம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. 1-800-88-8099 என்ற எண்ணில் கூப்பிட்டால் என்ன செய்வது என்று சொல்வார்கள். ஆள் மயங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, வலிப்பு வந்தாலோ, நாடி தளர்ந்தாலோ அதற்கும் காத்திராமல் 999-ஐ அழையுங்கள்.

செடிகளையெல்லாம் வெட்டி எறியச் சொல்லவில்லை. தவழும் பிள்ளைக்கும் கட்டிய ஆட்டுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். பூ பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அரளிக் குச்சியில் இறைச்சி குத்திச் சுடாதீர்கள். வீட்டில் யார் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்களோ, அந்தப் பாட்டிக்கும் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.