அமைப்புக் கோப்பைத் திருத்த எந்தக் கருவி? கம்பம் பள்ளத்தாக்கின் கணினி அறைகளுக்கு ஒரு வழிகாட்டி

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று பள்ளத்தாக்கு முழுக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கணினி அறைகள் இருக்கின்றன. பல இடங்களில் அறை முழுவதற்கும் பொறுப்பு ஒரே ஆள். கணினி ஆசிரியராகவோ லேப் அசிஸ்டென்ட்டாகவோ இருப்பார். மாறுதல் வந்தால் போய்விடுவார். அடுத்து வருபவர் அவர் விட்டுப்போனதை வைத்துத்தான் தொடங்க வேண்டும். அப்படி ஒருவருக்காகவே இதை எழுதுகிறேன். அறையில் இருபது கணினிகள், எல்லாவற்றிலும் லினக்ஸ், எல்லாவற்றிலும் ஒரே மாற்றம் செய்ய வேண்டும். ஒவ்வொன்றின் முன்னும் உட்கார்ந்து கோப்பைத் திறந்து கையால் திருத்தாமல், ஒரு சின்ன நிரல் எழுதிவிடலாம் என்று நினைக்கிறார். எதைக் கொண்டு எழுதுவது?

லினக்ஸ் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்து மாணவர் கைக்கு வந்தது. குமுளி தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. பாஸ் டெபியனிலிருந்து வந்தது, உபுண்டுவும் அப்படியே. ஆகையால் கீழே சொல்லும் கோப்புகள் இவை எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே வடிவில் கிடைக்கும்.

கருவிகளை ஒப்பிட வேகம், சுருக்கம், பழக்கம் என்று எத்தனையோ அளவுகோல்கள் உண்டு. நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: என் நிரல் ஓடி முடிந்த பிறகு, நான் எழுதாத வரிகள் எழுதியபடியே இருக்கின்றனவா? முன்பு இருந்தவர் ஒரு வரிக்கு மேல் '#' போட்டு, 'பிரிண்டர் இருக்கும் கணினி, இந்த எண்ணை மாற்ற வேண்டாம்' என்று தமிழில் எழுதி வைத்திருப்பார். அறையைப் பற்றி அவர் விட்டுப்போன ஒரே ஆவணம் அதுவாக இருக்கலாம். அந்தக் குறிப்பை அழிக்கிற கருவி எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது.

ஓர் உண்மையான வேலையை எடுத்துக்கொள்வோம். எல்லாக் கணினிகளிலும் தமிழ்99 விசைப்பலகை வர வேண்டும், தமிழ் லொகேல் இயங்க வேண்டும். முதலாவது கீபோர்டு என்ற கோப்பில் இருக்கிறது; ஈடிசி கோப்புறைக்குள் டிஃபால்ட் என்ற உள்கோப்புறையில் பார்க்கலாம். இரண்டாவது லொகேல்.ஜென் கோப்பில் இருக்கிறது. இரண்டும் சிறிய கோப்புகள்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரே கருவி பொருந்தாது.

லொகேல்.ஜென் கோப்பில் உலக மொழிகள் எல்லாம் வரிசையாக இருக்கும், பெரும்பாலானவற்றின் முன் '#' இருக்கும். தமிழ் வரியின் முன்னுள்ள '#' குறியை நீக்கிவிட்டு லொகேல்-ஜென் கட்டளையை ஓட்டினால் முடிந்தது. இதற்கு 'செட்' (sed) கட்டளை போதும். பழைய கருவி என்று அதை ஒதுக்க வேண்டியதில்லை. '#' இருந்தால் எடுக்கும். முன்பே எடுத்திருந்தால் அதன் தேடலுக்கு எதுவும் அகப்படாது, கோப்பும் மாறாது. எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விளைவு. வரியைச் சேர்க்கும் வேலையை செட்டிடம் கொடுக்கும்போதுதான் இந்த நிம்மதி போய்விடுகிறது. இரண்டாவது முறை ஓட்டினால் வரி இரண்டு முறை விழும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கோப்பை இருந்த இடத்திலேயே திருத்தச் சொன்னால் செட் உண்மையில் புதுக்கோப்பு எழுதிப் பழையதன் இடத்தில் வைக்கிறது. திருத்தும் கோப்பு வேறெங்கோ இருக்கும் கோப்புக்கான சிம்பாலிக் லிங்க் என்றால் அந்த லிங்க் அறுந்துவிடும். உபுண்டுவில் ரிசால்வ்.கான்ஃப் அப்படிப்பட்ட கோப்பு. லிங்கைப் பின்தொடரச் சொல்லும் விருப்பம் குனு செட்டில் உண்டு, ஆனால் அதைக் கேட்டுத்தான் பெற வேண்டும்.

கீபோர்டு கோப்புக்கு வருவோம். அதில் விசைப்பலகையின் பெயரும் வகையும் பெரிய எழுத்துப் பெயர்களில், '=' போட்டு, மேற்கோள்குறிக்குள் இருக்கும். பார்த்தவுடன் பைத்தானின் கான்ஃபிக்பார்சர் நினைவுக்கு வரும். தனியாக நிறுவ வேண்டாம், பைத்தானோடு வருகிறது. இந்தக் கோப்பில் அது என்னென்ன செய்கிறது என்று படிப்படியாகப் பாருங்கள். சதுர அடைப்புக்குறியில் தலைப்பு இல்லாததால் முதலில் படிக்கவே மறுக்கும் (3.13 முதல்தான் தலைப்பில்லாத பகுதியை ஏற்கச் சொல்லலாம்). ஒரு போலித் தலைப்பைச் செருகிப் படிக்க வைத்தால் பெரிய எழுத்துப் பெயர்களைச் சிறிய எழுத்தாக்கிவிடும். எழுதும்போது '=' குறியின் இருபுறமும் இடைவெளி விடும்; இந்தக் கோப்பு ஷெல் மொழி வடிவில் இருப்பது, அந்த மொழியில் அந்த இடைவெளி இருந்தால் அது மதிப்புத் தருவதாகவே ஆகாது. கடைசியாக, '#' குறிப்புகள் அத்தனையும் போயிருக்கும். ஒவ்வொன்றையும் தடுக்கத் தனித்தனி அமைப்பு உண்டு, குறிப்புகள் அழிவதைத் தவிர. நம் நிரல் தானே உருவாக்கித் தானே படிக்கும் ஐஎன்ஐ கோப்புக்கு கான்ஃபிக்பார்சர் நல்ல கருவி. பிறர் கைபட்ட கோப்பில் அதை விடக் கூடாது.

அந்த இடத்துக்குப் பொருத்தமானது ஆஜியஸ் என்பது என் கருத்து. ரெட் ஹாட் நிறுவனத்தில் டேவிட் லட்டர்கார்ட் தொடங்கிய நூலகம், 2008 முதல் புழக்கத்தில் இருக்கிறது. சி மொழியில் எழுதப்பட்டது. பைத்தான், ரூபி, பெர்ல் எதிலிருந்தும் அழைக்கலாம். டெபியன் வகைக் கணினிகளில் பைத்தான்3-ஆஜியஸ் என்ற பொதியும், கையால் முயன்று பார்க்க ஆக்டூல் என்ற கட்டளையும் கிடைக்கும்.

அதன் உள்ளே இருக்கும் யோசனைதான் அதைத் தனியே நிறுத்துகிறது. ஒவ்வொரு கோப்பு வடிவத்துக்கும் லென்ஸ் என்று ஒரு விவரிப்பு எழுதியிருக்கிறார்கள். ஒரே லென்ஸ் இரண்டு திசையிலும் வேலை செய்யும்: கோப்பைப் படித்து ஒரு மரமாக்கும், மாறிய மரத்தைத் திரும்பக் கோப்பாக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருதிசை நிரலாக்கம் பற்றி நடந்த ஆய்வு இதற்கு அடிப்படை. அந்த ஆய்வு வைக்கும் விதி எளியது: மரத்தில் எதையும் மாற்றாமல் திரும்ப எழுதினால் பழைய கோப்பே எழுத்து பிசகாமல் வர வேண்டும். ஒரு கிளையை மாற்றினால் அதற்குரிய துண்டு மட்டும் மாற வேண்டும். குறிப்பு, இடைவெளி, வரிசை எல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும். நான் முதலில் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் வாக்குறுதியாக இல்லாமல், கருவியின் கட்டமைப்பாகவே இருக்கிறது.

ஹோஸ்ட்ஸ் கோப்பில் இதன் அருமை நன்றாகத் தெரியும். 'பிரிண்டர்' என்ற பெயருக்கு உரிய ஐபி முகவரியை மாற்ற வேண்டும் என்றால், எத்தனையாவது வரி என்று எண்ண வேண்டியதில்லை. அந்தப் பெயருள்ள கிளையைத் தேடி அதன் முகவரியை மாற்று என்று ஒரே பாதையில் எழுதலாம். ஒரு கணினியில் அது மூன்றாம் வரியிலும் இன்னொன்றில் ஏழாம் வரியிலும் இருந்தாலும் கவலையில்லை.

குறைகளும் உண்டு. கீபோர்டு கோப்பைப் படிக்கும் ஷெல்வார்ஸ் லென்ஸ் மேற்கோள்குறியையும் மதிப்பின் பகுதியாகவே எண்ணும். நீங்கள் கொடுக்கும் மதிப்பிலும் அது இருக்க வேண்டும். ஒரு கோப்பில் லென்ஸுக்குப் புரியாத வரி ஒன்று இருந்தால் அந்தக் கோப்பு முழுவதும் மரத்தில் வராது. நிரலும் சத்தமில்லாமல் கடந்து போய்விடும். ஆகவே ஏற்றியவுடன் பிழைக் கிளையைப் படித்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எல்லா லென்ஸையும் ஏற்றினால் பழைய கணினியில் கொஞ்சம் காக்க வேண்டியிருக்கும். தேவையானதை மட்டும் ஏற்றச் சொல்லலாம். சேமிக்கும் முறையை 'புதுக்கோப்பு' என்று வைத்தால், அசலைத் தொடாமல் பக்கத்தில் .ஆக்நியூ என்ற ஒட்டோடு எழுதி வைக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். புதியவர்கள் இந்த முறையில் தொடங்குவதே நல்லது.

தமிழ்99க்கு இரண்டு எச்சரிக்கைகள். விசைப்பலகை வகையின் பெயர் பழைய வெளியீட்டில் ஒன்றாகவும் புதியதில் வேறாகவும் இருக்கும். இருபதும் ஒரே வெளியீடு இல்லையென்றால் ஒவ்வொன்றிலும் உள்ள எக்ஸ்கேபி பட்டியலைப் பார்த்துவிட்டு நிரல் முடிவு செய்யட்டும். குனோம் மேசைத்தளமோ மாணவர் ஒருமுறை தேர்ந்த விசைப்பலகையைத் தன் டிகான்ஃப் தரவில் வைத்துக்கொள்ளும். அங்கே கீபோர்டு கோப்பை மாற்றி மட்டும் பயனில்லை.

திருத்தவே வேண்டாத வழி இருந்தால் அதுதான் இவை எல்லாவற்றிலும் மேல். பல நிரல்கள் தங்கள் முதன்மைக் கோப்புக்குப் பக்கத்தில் '.டி' (.d) என்று முடியும் ஒரு கோப்புறையைப் படிக்கின்றன. அதில் உங்கள் இரண்டு வரிகளைத் தனிக்கோப்பாகப் போட்டால் போதும். வேண்டாம் என்றால் அந்தக் கோப்பை நீக்கினால் பழைய நிலை. பொதி புதுப்பிக்கும்போது 'உங்கள் கோப்பா, எங்கள் கோப்பா' என்ற கேள்வியும் எழாது. பயாஸ் பேட்டரி தீர்ந்த பழைய கணினிகளில் கடிகாரம் பின்தங்கி இணையப் பக்கங்கள் சான்றிதழ்ப் பிழை காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நேரச் சேவையகத்தின் முகவரியை டைம்சிங்க்டி கோப்புறையில் ஒரு சிறு கோப்பாக வைத்தால், இணைப்பு வந்தவுடன் கணினி தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும்.

யார் சொல் வெல்லும் என்பதில் மட்டும் கவனம். சிஸ்டெம்டி, சிஸ்கன்ட்ரோல் இவற்றில் பின்னால் படிக்கப்படுவது வெல்லும். 99 என்று தொடங்கும் பெயர் நல்லது. எஸ்எஸ்எச் சேவையகத்தில் தலைகீழ்: முதலில் கண்ட மதிப்பே நிலைக்கும். 99 போட்டு வைத்த கோப்பு அங்கே யாராலும் கேட்கப்படாமல் கிடக்கலாம். ஓப்பன் எஸ்எஸ்எச் 8.2இல், 2020இல்தான் இந்த இணைக்கும் வசதி வந்தது. உங்கள் பாஸ் அதற்கு முந்தைய டெபியனை அடிப்படையாகக் கொண்டதென்றால் முதன்மைக் கோப்பையே திருத்தியாக வேண்டும்.

அங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்தக் கோப்பின் கடைசியில் 'மேட்ச்' என்று தொடங்கும் தொகுதி இருந்தால், அதற்குக் கீழே சேர்க்கும் எந்த வரியும் அந்தத் தொகுதிக்கு மட்டுமே பொருந்தும். எல்லோருக்கும் கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டோம் என்று நினைத்திருப்பீர்கள்; ஒரே ஒரு பயனருக்கு மட்டும் நின்றிருக்கும். செட்டோ, பல கணினிகளுக்கு மாற்றத்தைக் கொண்டுசேர்க்கும் ஆன்சிபிளின் லைன்இன்ஃபைலோ கோப்பின் இறுதியில் சேர்த்தால் இது நேரும், ஒரு சத்தமும் வராது. ஆஜியஸும் புதுக் கிளையை இறுதியில்தான் வைக்கும், ஆனால் லென்ஸ் அந்த வடிவை ஏற்காது, சேமிக்க மறுத்துவிடும். முதல் மேட்ச்சுக்கு முன்பாகக் கிளையைச் செருகிவிட்டு மதிப்பைக் கொடுத்தால் சேமிக்கும். தவறாக எழுதுவதைவிட எழுத மறுப்பது எவ்வளவோ மேல்.

யாம்ல் கோப்பு அதிகம் எதிர்ப்படுவது உபுண்டு சேவையகத்தின் நெட்பிளானில்தான். பையாம்ல் குறிப்புகளை அழிக்கும், சொல்லாவிட்டால் வரிசையையும் அகரவரிசைக்கு மாற்றும். ரூமெல் யாம்ல் இரண்டையும் காக்கும். டாம்ல் கோப்புக்கு டாம்ல்கிட் அதே வேலையைச் செய்யும், பைத்தான் 3.11இல் சேர்ந்த டாம்ல்லிப் படிக்க மட்டும்தான். ஆனால் நெட்பிளானிடமே 'செட்' (set) என்ற துணைக்கட்டளை இருக்கிறது, கணினிப் பெயருக்கு ஹோஸ்ட்நேம்கன்ட்ரோல், வலையமைப்புக்கு என்எம்சிஎல்ஐ இருக்கின்றன. நிரலின் சொந்தக் கட்டளை இருக்கும்போது நூலகம் தேடுவது வீண் வேலை.

ஆன்சிபிள் வேறு வரிசையில் நிற்பது. அது இருபது கணினிகளுக்கும் போய்ச் சேரும் வண்டி. கோப்பை எப்படித் திருத்துவது என்ற கேள்வி அதற்குள்ளும் இருக்கும். முழுக்கோப்பையும் வார்ப்புருவால் மாற்றுவதென்றால், அந்தக் கோப்பு எல்லாக் கணினியிலும் ஒன்றாகவே இருக்க வேண்டியது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு செய்யுங்கள். ஹோஸ்ட்ஸ் அப்படிப்பட்ட கோப்பு அல்ல.

சில வேளை கருவி எதுவும் பொருந்தாமல், பைத்தானில் நேரடியாகப் படித்து எழுத வேண்டியிருக்கும். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும் மாதங்களில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கோப்பை எழுதத் திறந்த நொடியிலேயே பழைய உள்ளடக்கம் போய்விடுகிறது. எழுதி முடிக்கும் முன் மின்சாரம் போனால் மிஞ்சுவது வெற்றுக்கோப்பு. அதே கோப்புறையில் தற்காலிகக் கோப்பாக எழுதி, எஃப்சிங்க் செய்து வட்டில் இறங்கியதை உறுதி செய்து, பிறகு ஓஎஸ்.ரீப்ளேஸ் கொண்டு பெயர் மாற்றுங்கள். அப்போது பழையது அல்லது புதியது, இரண்டில் ஒன்று முழுதாக இருக்கும். டெம்ப்ஃபைல் உருவாக்கும் கோப்பின் அனுமதி 0600 என்பதை மறக்கக் கூடாது. அப்படியே ஹோஸ்ட்ஸ் இடத்தில் வைத்தால் ரூட்டைத் தவிர யாராலும் அதைப் படிக்க முடியாது. மாணவர் கணக்கில் மட்டும் பிரிண்டர் 'காணாமல்' போகும், காரணம் தேடியே ஒரு நாள் கழியும். பழைய கோப்பின் அனுமதியையும் உரிமையாளரையும் புதியதற்குக் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றுங்கள். திறக்கும்போது யுடிஎஃப்-8 என்று குறியாக்கத்தையும் சொல்லுங்கள், 3.7க்கு முந்தைய பைத்தான், கிரான் வழியாக ஓடும்போது தமிழ்க் குறிப்பைக் கண்டால் நின்றுவிடலாம்.

எந்தக் கருவியாக இருந்தாலும் முதலில் ஈட்சிகீப்பரை நிறுவிவிடுங்கள். ஈடிசி கோப்புறை முழுவதையும் கிட் களஞ்சியமாக்கி, யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று காட்டும்; அடுத்து வருபவருக்கு அதைவிட நல்ல ஒப்படைப்பு இல்லை. புதுக்கோப்பை இடத்தில் வைக்கும் முன் அந்தந்த நிரலின் சோதனையை ஓட்டுங்கள்: எஸ்எஸ்எச்டிக்கு '-டி' (-t) விருப்பம், சூடோயர்ஸுக்கு விசூடோவின் '-சி', எஃப்ஸ்டாபுக்கு ஃபைண்ட்எம்என்டியின் வெரிஃபை. நெட்பிளானுக்கு 'டிரை' இருக்கிறது. 120 நொடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் தானே பழைய நிலைக்குத் திரும்பும். எஸ்எஸ்எச் அமைப்பைத் தொலைவிலிருந்து மாற்றும்போது இன்னொரு இணைப்பைத் திறந்தே வைத்திருங்கள். கீபோர்டு கோப்புக்கு இப்படிச் சோதனைக் கட்டளை எதுவும் கிடையாது. ஒரே ஒரு கணினியில் மாற்றி, மறுதொடக்கம் செய்து, மாணவர் கணக்கில் நுழைந்து ஒரு வரி தமிழில் தட்டச்சுச் செய்து பாருங்கள். மற்ற பத்தொன்பதுக்கும் அதன் பிறகு அனுப்பலாம்.