துணி வெட்டும் விரிப்பைப் பேணுதல்

ஆடைத் தொழிற்சாலைகளில் கழிக்கப்படும் துண்டுத் துணிகளைப் பொருத்திப் போர்வை தைக்கும் குழுக்களில் தையல் மெசினுக்கு எண்ணெய் விட எவரும் மறப்பதில்லை. மேசையில் கிடக்கும் வெட்டு விரிப்பை மட்டும் யாரும் ஒரு கருவியாகக் கருதுவதில்லை. புதிதாக வாங்கப் போகும்போதுதான் அதன் பெறுமதி தெரிகிறது. (வீட்டுத் தேவைக்கு ஒன்றிரண்டு போர்வை தைப்பவருக்கு இது வேண்டியதே இல்லை, நல்ல கத்தரிக்கோல் போதும்.)

துணி வெட்டும் சக்கரக் கத்தியை 1979 இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அக்கத்தியின் கீழ் விரிக்கும் இவ்விரிப்பு பெரும்பாலும் பீ.வீ.சீ. பிளாஸ்ரிக்கினால் ஆனது. வெட்டுக் காயம் தானே ஆறிவிடும் என்பார்கள். உண்மையில் அங்கே எதுவும் வளர்வதில்லை. மெல்லிய அலகு இறங்கி வெளியேறியதும் மென்மையான பிளாஸ்ரிக் மீண்டும் நெருங்கி மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். நூற்பிசிர் இடையில் புகுந்தால் மூடாது. அடுத்த முறை கத்தி அந்தப் பள்ளத்திலேயே இழுபடும்.

எனவே வேலை முடிந்ததும் பிசிரை அகற்றுங்கள். பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்தாலே பெரும்பகுதி வந்துவிடும். ஆழத்தில் இருப்பதைப் பழைய பற்றூரிகையால், வெட்டு ஓடும் திசையிலேயே தேய்த்து எடுக்கலாம். இடைக்கிடை நான்கு லீற்றர் குளிர்ந்த தண்ணீரில் கால் கோப்பை வினாகிரியும் சில துளி பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் கலந்து, விரிப்பை மட்டமாகக் கிடத்திக் கால் மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். வெந்நீர், மண்ணெண்ணெய், பெற்றோல் ஆகாது. நிழலில் மட்டமாக உலர விடுங்கள். கொடியில் போட வேண்டாம்.

மழுங்கிய அலகு வேறொரு எதிரி. வெட்டுப்படாததால் அழுத்துகிறோம், அழுத்தினால் விரிப்பு ஆழமாகக் கிழிகிறது. 45 மில்லிமீற்றர் அலகில் ஓரிடம் உடைந்திருந்தால், ஏறத்தாழ 14 சென்ரிமீற்றருக்கு ஒரு தடவை சில இழைகள் வெட்டுப்படாமல் நிற்கும். அதைக் கண்டால் அலகை மாற்றுங்கள். ஒரே கோட்டில் வெட்டாமல் விரிப்பை அடிக்கடி திருப்பியும் போடுங்கள்.

எல்லாவற்றிலும் கொடியது வெப்பம். தகரக் கூரையின் கீழ் சுவரில் சாய்த்து வைத்த விரிப்பு நண்பகலில் வளைந்துவிடும். சூடான ஸ்திரிக்கைப் பெட்டி, தேநீர்க் கேத்தல் எதையும் அதன்மேல் வைக்கக் கூடாது. வளைந்த விரிப்பில் அளவு தவறும். ஒரு துண்டில் அரைக்கால் அங்குலம் பிசகினால், பத்துத் துண்டு சேரும் வரிசையில் ஒன்றேகால் அங்குலம்; அந்தப் போர்வையை யாரும் விலைக்கு எடார். சுருட்டாமல், கட்டிலின் கீழ் மட்டமாக வைப்பதே நல்லது.

சிறு வளைவென்றால், வெயிலில் இளஞ்சூடேறிய சீமெந்துத் தரையில் விரித்து, மட்டமான பலகையும் பாரமும் ஏற்றிக் குளிரும்வரை விடுங்கள். சில வேளை படியும். படியாவிட்டால் எறிய வேண்டாம். மட்டமாக உள்ள பகுதியை அறுத்தெடுத்தால் சிறு சதுரங்கள் வெட்ட உதவும்.