1964 ஒக்டோபர் 30: பிரஜாவுரிமைக்கு இந்தத் திகதி ஏன் முக்கியம்?



"ஐயா, நாங்க இந்த நாட்டுல நிரந்தரமா இருக்கிறவங்கதானே, பிரஜாவுரிமைக்கு எப்ப விண்ணப்பம் போடணும்?" இந்தக் கேள்வி இறக்குவானைப் பக்கமும் வருகிறது, தெரணியகலைப் பக்கமும் வருகிறது. மகனுக்கு அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில் யாராவது ஏதாவது சொல்லிக் குழப்பியிருப்பார்கள். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

1948ல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்தவரா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று கேட்டது. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு மருத்துவச்சி இருந்தாள், பத்திரம் எத்தனை பேரிடம் இருந்தது? அடுத்த வருஷம், 1949ல், இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இதில்தான் 'எத்தனை வருஷம் இருந்தாய்' என்ற கணக்கு வருகிறது. கலியாணம் முடித்தவர் 1946 ஜனவரி 1க்கு முன் 7 வருஷமும், முடிக்காதவர் 10 வருஷமும் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பஸ்தர் 1940ல் திருச்சிப் பக்கமிருந்து வந்து யட்டியாந்தோட்டையில் பேர் பதிந்தார் என்று வையுங்கள். 1946 ஜனவரி வரை ஆறு வருஷத்துக்கு மேல் வராது. அவ்வளவுதான், தகுதி இல்லை. அதற்குப் பிறகு நாற்பது வருஷம் பால் வெட்டினாலும் அந்தச் சட்டத்தின் கண்ணில் அது கணக்கில்லை. 1935ல் வந்தவருக்கும் ஒரு பொறி இருந்தது. தாய் செத்த காரியத்துக்கு ஊருக்குப் போய் ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. விண்ணப்பம் போடக் கொடுத்த காலமும் இரண்டே வருஷம், 1951 ஆகஸ்ட்டோடு முடிந்தது. முதலில் தொழிற்சங்கத்தில் விண்ணப்பிக்க வேண்டாம் என்றார்கள், பிறகு கடைசி மாதங்களில் எல்லோரும் அடித்துப்பிடித்துக்கொண்டு போட்டார்கள். 8 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காகக் கேட்டதில் கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

மற்றவர்களை என்ன செய்வது என்று இரண்டு அரசாங்கங்களும் பேசியதுதான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். கையெழுத்தான நாள் 1964 ஒக்டோபர் 30. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுக்கும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும் என்று முடிவானது. மீதி ஒன்றரை இலட்சத்தை 1974ல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். நம்மைக் கேட்டுத்தான் பிரித்தார்களா என்று கேட்காதீர்கள். 1984ல் தலைமன்னார் கப்பலும் நின்றுபோனது. கையில் இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இங்கேயே தங்கிப்போன குடும்பங்கள் ஏராளம்.

1986, 1988 சட்டங்களால் பலருக்கு வழி கிடைத்தது. ஆனால் முழுசாகக் கதவைத் திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். இந்திய வம்சாவளியினராக இருந்து, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒருவர், அல்லது அவருடைய வழியில் இங்கே பிறந்து இங்கேயே வாழும் பிள்ளை, பேரப்பிள்ளை, இலங்கைப் பிரஜை. அந்த வருஷக் கடைசியில் பத்து நாளைக்குள் சுமார் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் இப்படிப் பிரஜாவுரிமை பெற்றார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் சொல்வதை வைத்துக் குழம்பவும் வேண்டாம். கனடாவில் நிரந்தர வதிவிடம் பெற்றவர், முந்திய ஐந்து வருஷத்தில் 1,095 நாள் அங்கே இருந்தால் விண்ணப்பிக்கலாம். அங்கே தனி ஆள் நாட்களை எண்ணுகிறார். நமக்கோ எண்ணுவதற்கு எதுவும் மிச்சமில்லை. சட்டமே கொடுத்துவிட்டது. ஆகவே பிறப்பால் இந்த உரிமை உள்ள பிள்ளைக்கு "பிரஜாவுரிமை எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பிள்ளைக்கு வேண்டியது பிறப்பத்தாட்சிப் பத்திரமும் அடையாள அட்டையும்தான். 15 வயது முடிந்ததும் பாடசாலை அதிபர் மூலமோ, தோட்ட நிர்வாகம் மூலமோ, கிராம உத்தியோகத்தர் மூலமோ விண்ணப்பிக்கலாம். சப்ரகமுவவில் நமக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. பதிவுகள் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கின்றன. பத்திரத்தில் 'இராமையா', செக்ரோலில் 'ராமய்யா', பாடசாலைப் பதிவில் இன்னொன்று. பென்சன் வயதில் சேமலாப நிதி எடுக்கப் போகும்போதுதான் இது இடிக்கும். அப்போது ஓடுவதைவிட இப்போதே எல்லாவற்றையும் பாய் மேல் பரப்பி வைத்து, பெயர் எழுத்து எழுத்தாக ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

பழைய இந்தியப் பாஸ்போர்ட் உள்ள வயசாளிகள் விஷயம் மட்டும் வேறு. அவர்களுக்குத் தானாக வந்துவிடாது. இலங்கைப் பிரஜையாக விரும்புகிறேன் என்று ஒரு பிரகடனம் செய்ய வேண்டும். அதற்கு அந்தப் பாஸ்போர்ட், அந்த நாளிலிருந்து இங்கே இருந்ததைக் காட்டும் செக்ரோல் பிரதி, பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரம், பழைய கூப்பன் புத்தகம் எது இருந்தாலும் உதவும். டிரங்குப் பெட்டி அடியில் கிடக்கும் எந்தக் காகிதத்தையும் அடுப்பில் போடாதீர்கள். சம்பளத்துக்கு மறுநாள் நமது நலன்புரிக் காரியாலயத்துக்கு எடுத்து வாருங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று நாம் பிரித்துச் சொல்கிறோம்.